ஹாக்கின்டாஷில் ஐமெசேஜ்: முதல் உள்நுழைவுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

உதிரிபாகங்கள் வாங்கிச் சேர்த்த கணினியில், அதாவது ஹாக்கின்டாஷில், ஆப்பிளின் மேக்ஓஎஸ் நன்றாக ஓடுகிறது. ஒலி வருகிறது, கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் வேலை செய்கிறது, இணையம் இருக்கிறது. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜுக்காக மெசேஜஸ் செயலியில் கடவுச்சொல் கொடுத்தால் மட்டும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அதே உள்நுழைவுப் பெட்டி மறுபடி வந்து நிற்கிறது. சில நேரம் ஆக்டிவேஷனில் பிழை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் கணினிக்குத் தாங்களே கொடுத்த சீரியல் எண்ணை மாற்றி மறுபடி முயல்கிறார்கள். அதுவும் போகாவிட்டால் இன்னொரு எண். செய்யவே கூடாத காரியம் இது. ஒவ்வொரு சீரியலும் ஆப்பிள் சர்வருக்கு ஒரு புதுக் கணினி. ஒரே கணக்கில் ஒரே மாலைக்குள் ஐந்தாறு புதுக் கணினிகள் வந்து கதவைத் தட்டினால், சந்தேகம் கணினியை விட்டுவிட்டுக் கணக்கின் மேல் விழும். அதன் பிறகு அடையாளங்களைச் சரியாக வைத்தாலும் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கீழே உள்ள எல்லாச் சோதனைகளும் ஆப்பிள் கணக்கில் கை வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. ஏற்கெனவே முயன்று தோற்றவர்கள் முதலில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறிவிட்டு இங்கிருந்து தொடங்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. இந்த வேலை எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். நின்றால் முறையிட இடமில்லை. வேலைக்கோ வங்கிக்கோ பயன்படும் முக்கியமான ஆப்பிள் கணக்கை இதில் பணயம் வைக்க வேண்டாம்.

சர்வர் எதைப் பார்க்கிறது

ஐமெசேஜ் 2011இல் ஐஓஎஸ் 5உடன் வந்தது. மேக்கிற்கு 2012இல் மவுண்டன் லயன் பதிப்போடு வந்து சேர்ந்தது. ஐபோனில் சிம் இருக்கிறது, எண் இருக்கிறது. மேக்கில் அது இல்லாததால், கணினி யார் என்பதை அதன் வன்பொருள் அடையாளங்களே சொல்ல வேண்டும். அசல் மேக்கில் இவை தொழிற்சாலையிலேயே பதிந்து வரும். ஹாக்கின்டாஷில் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர்தான் (மேக்ஓஎஸ்ஸை ஏற்றித் தொடங்கும் நிரல்) ஒவ்வொரு பூட்டிலும் இவற்றை மேக்ஓஎஸ்ஸிடம் எடுத்துக் கொடுக்கிறது. அதன் அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.பிலிஸ்ட் கோப்பில் (சுருக்கமாக, கான்ஃபிக்) பிளாட்ஃபார்ம்இன்ஃபோ என்ற பிரிவுக்குள் ஜெனெரிக் என்ற உட்பிரிவில் இவை இருக்கும்.

முதலாவது மாடல் பெயர், கீழே எடுத்துக்காட்டாக வரும் கணினிக்கு ஐமேக்19,1. இரண்டாவது சீரியல் எண். அந்தக் கால மாடல்களுக்கு 12 எழுத்து. தயாரான இடம், அரையாண்டு, வாரம் ஆகியவை அதன் முன்பகுதியிலும், மாடல் குறி கடைசி 4 எழுத்திலும் இருக்கும். மூன்றாவது எம்எல்பி, அதாவது மெயின் லாஜிக் போர்டின் சீரியல், 17 எழுத்து. நான்காவது சிஸ்டம் யூயூஐடி. 128 பிட், நடுக்கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. ஐந்தாவது ரோம் என்ற 6 பைட் மதிப்பு. இந்த ஐந்துக்கும் வெளியே, மேக்ஓஎஸ்ஸே கண்டுபிடிக்கும் ஆறாவது ஒன்று உண்டு: இஎன்0 என்ற பெயரில் நிற்கும் நெட்வொர்க் கார்டு. ஐமெசேஜ் சிக்கல்களில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இந்த ஆறாவதுதான். அதனால் முதலில் அதை எடுத்துக்கொள்வோம்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்ட கணினியில் இசட்390 மதர்போர்டு, இன்டெல் ஐ5-9600கே, ரேடியான் ஆர்எக்ஸ் 580, போர்டிலேயே உள்ள இன்டெல் ஐ219-வி எத்தர்நெட், மேக்ஓஎஸ் சோனோமா. வேறு பாகங்கள் என்றால் பாதைகளும் மாடல் பெயரும் மாறும், முறை மாறாது.

இஎன்0

ஆப் ஸ்டோரைத் திறந்து ஏதாவது ஒரு இலவசச் செயலியை இறக்கிப் பார்த்து, கணினியைச் சரிபார்க்க முடியவில்லை, உதவிக்குத் தொடர்புகொள்ளுங்கள் என்று செய்தி வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். சிக்கல் இஎன்0இல்தான். ஆப் ஸ்டோர் கணினியை அடையாளம் காண்பது இஎன்0இன் மேக் முகவரியை (எம்ஏசி; நெட்வொர்க் கார்டின் தனி எண், மேக் கணினியைக் குறிப்பது அல்ல) வைத்து. அந்த இடத்தில் உள் கார்டு இல்லை என்றால் அது கையை விரித்துவிடும்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு கார்டின் பிஎஸ்டி பெயரும் (இஎன்0, இஎன்1 என்பது போல) தெரியும். ஹாக்கின்டூல் என்ற கருவி இருந்தால் இன்னும் சுலபம்: சிஸ்டம் பக்கத்தில் பெரிஃபெரல்ஸ் பிரிவில் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எதிரே பில்ட்-இன் என்ற கட்டம் இருக்கும். இஎன்0 வரிசையில் அதில் டிக் இருக்க வேண்டும்.

இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. நிறுவும்போது எத்தர்நெட் கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் கோப்பு) இல்லாமல் யூஎஸ்பி வைஃபை டாங்கிளையோ, ஐபோன் டெதரிங்கையோ வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். முதலில் தென்பட்ட அது இஎன்0 பெயரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இன்டெல்மவுசி, ரியல்டெக்ஆர்டிஎல்8111, லூசிஆர்டிஎல்8125 என்று எந்தக் கெக்ஸ்ட்டைச் சேர்த்தாலும் போர்டின் கார்டு இஎன்1 அல்லது இஎன்2 என்றுதான் வரும். டாங்கிளைப் பிடுங்கினாலும் பெயர் திரும்பாது. மேக்ஓஎஸ் அந்தப் பட்டியலைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. இதற்கு, சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் எல்லா இடைமுகங்களையும் நீக்க வேண்டும். பிறகு மூல வட்டின் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ், அதற்குள் சிஸ்டம்கான்ஃபிகரேஷன் கோப்புறையைத் திறந்து, நெட்வொர்க்இன்டர்ஃபேசஸ்.பிலிஸ்ட், பிரிஃபரன்சஸ்.பிலிஸ்ட் என்ற இரண்டு கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு அழிக்க வேண்டும். டாங்கிள் ஒட்டியிருந்தால் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினி எழுந்ததும் முதலில் எத்தர்நெட்டைச் சேர்த்து, அது இஎன்0 ஆகிவிட்டது என்று பார்த்த பிறகே வைஃபை, புளூடூத் பிஏஎன் முதலானவற்றைச் சேர்க்கலாம். நீங்கள் வீட்டு நெட்வொர்க்குக்காக ஐபி முகவரி, டிஎன்எஸ் ஏதாவது கையால் அமைத்திருந்தால் அவையும் போய்விடும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை: பெயர் இஎன்0 என்றே இருக்கும், ஆனால் பில்ட்-இன் கட்டம் காலி. அப்போது கான்ஃபிக்கில் டிவைஸ்ப்ராப்பர்ட்டீஸ், ஆட் பகுதியில் அந்தக் கார்டின் பிசிஐ பாதையைச் சாவியாக வைத்து, அதன் கீழ் பில்ட்-இன் என்ற பெயரில் டேட்டா வகையில் 01 என்று ஒரு மதிப்பைச் சேர்க்க வேண்டும். பாதையை ஹாக்கின்டூலின் பிசிஐஇ பக்கத்தில் வலது சொடுக்கி நகலெடுக்கலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் இதே ஐ219-வியைப் பஸ் 0, டிவைஸ் 31, ஃபங்ஷன் 6 என்று காட்டும். அந்த 31ஐ அப்படியே ஓப்பன்கோர் பாதையில் எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. பாதை பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) எழுதப்படுவது. 31 அங்கே 1எஃப்.

போர்டில் எத்தர்நெட்டே இல்லாத மடிக்கணினி என்றால் நல்எத்தர்நெட் என்ற கெக்ஸ்ட்டும் அதற்கான எஸ்எஸ்டிடியும் (வன்பொருள் விவரங்களை மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் ஏசிபிஐ கோப்பு) சேர்ந்து ஒரு பொய் எத்தர்நெட்டை உண்டாக்கித் தரும். இணையம் வைஃபை வழியே வரும்; அடையாளத்துக்கு மட்டும் இது நிற்கும்.

என்வீராம்

மேக்ஓஎஸ் தன் அடையாளக் குறிப்புகள் சிலவற்றை என்வீராமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத போர்டின் நினைவகத்தில், எழுதிவைக்கிறது. போர்டு அதை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் வைத்திருக்க வேண்டும். இசட்390, பி360, எச்370, எச்310 போர்டுகளில் இது தானாக வேலை செய்யாது. இசட்370 மட்டும் விதிவிலக்கு. 300 என்ற எண் வரிசையில் இருந்தாலும் அதன் சிப்செட் பழைய வகை. இசட்390க்கு எஸ்எஸ்டிடி-பிஎம்சி என்ற சிறு ஏசிபிஐ கோப்பு வேண்டும். வட்டில் ஓப்பன்கோர் இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் ஓசி, ஏசிபிஐ கோப்புறைக்குள் அதைப் போட்டு, கான்ஃபிக்கின் ஏசிபிஐ, ஆட் பட்டியலிலும் பெயரைச் சேர்க்க வேண்டும். கோப்பை மட்டும் போட்டுவிட்டுப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

சோதிப்பது எளிது. டெர்மினலில் நிர்வாகி உரிமையோடு என்வீராம் கட்டளையைக் கொடுத்து உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு பெயரில் ஒரு சொல்லை எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்து அதே கட்டளையால் முழுப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். எழுதிய சொல் இருந்தால் சரி. இல்லை என்றால் மேற்கொண்டு போக வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். எம்எல்பி, ரோம் இரண்டையும் ஓப்பன்கோர் ஒவ்வொரு பூட்டிலும் என்வீராமில் மறுபடி எழுதுகிறதே, பிறகு என்வீராம் நிலைக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓப்பன்கோர் எழுதுவது மட்டும்தான் திரும்ப வரும். மேக்ஓஎஸ் எழுதியது எழுதியபடி போய்விடும். உள்நுழைந்து ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டு, மறுநாள் வெளியே தள்ளப்பட்ட கணினிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குளோவர் என்ற பழைய பூட்லோடரிலிருந்து மாறியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கான்ஃபிக்கின் என்வீராம், ஆட் பகுதியில் 4டி1 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண்ணுக்கு (ஜியுஐடி) கீழே பழைய எம்எல்பியோ ரோமோ எழுதப்பட்டு மிச்சம் கிடக்கலாம். பிளாட்ஃபார்ம்இன்ஃபோவில் ஒரு மதிப்பு, இங்கே வேறொன்று என்றால் எது ஜெயிக்கும் என்று யோசிப்பதை விட, இங்கிருப்பதை நீக்கிவிடுவதே நல்லது. ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். பிறகு பூட் மெனுவில் ஸ்பேஸ் தட்டி, ரீசெட் என்வீராம் தேர்வால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சீரியல் எடுப்பது

இந்த அடையாளங்களை உருவாக்கித் தரும் ஜென்எஸ்எம்பயாஸ் என்ற சிறு நிரலை இறக்கி, 1 கொடுத்தால் அதற்குத் தேவையான மேக்சீரியல் கருவியை நிறுவிக்கொள்ளும். 3 கொடுத்து மாடல் பெயரும், ஓர் இடைவெளி விட்டு 5 என்ற எண்ணும் தந்தால் ஐந்து தொகுப்புகள் வரும். ஒவ்வொரு தொகுப்பிலும் மாடல், சீரியல், போர்டு சீரியல் (எம்எல்பி), எஸ்எம்யூயூஐடி (சிஸ்டம் யூயூஐடி) எல்லாம் ஒன்றாக இருக்கும். சீரியலும் போர்டு சீரியலும் ஜோடி. இரண்டிலும் ஒரே இடம், ஒரே காலம் பதிந்திருக்கும். முதல் தொகுப்பின் சீரியலையும் மூன்றாவதின் எம்எல்பியையும் கலந்து போட்டால், 2019 மார்ச்சில் செய்த கணினிக்குள் வேறு காலத்துப் போர்டு இருப்பதாகக் கணக்கு வரும்.

எடுத்த சீரியலை ஆப்பிளின் கவரேஜ் சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை, சரியான எண்ணைக் கொடுங்கள் என்று வந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. வாங்கிய தேதி சரிபார்க்கப்பட்டது என்று வந்தால் அது எங்கோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய மேக்கின் எண். அந்த நிமிடமே தூக்கிப் போடுங்கள். அதை வைத்து உள்நுழைந்தால் உங்கள் சிக்கல் தீராதது மட்டும் இல்லை, ஒரு பாவமும் அறியாத அந்த மனிதரின் கணினியில் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் நின்றுபோகலாம். வாங்கிய தேதி சரிபார்க்கப்படவில்லை என்று வருவதும் வேண்டாம்; அது தயாராகி இன்னும் விற்காத கணினியாக இருக்கலாம். பழைய நண்பரின் கெட்டுப்போன மேக் என்று சொல்லி யாராவது தரும் எண்ணையும், யாரோ பகிர்ந்த முழு இஎஃப்ஐ தொகுப்பில் இருக்கும் எண்ணையும் தொடவே கூடாது. பின்னதை உங்களுக்கு முன்பே நூறு பேர் பயன்படுத்தியிருப்பார்கள். சரிபார்ப்புப் பக்கத்தைத் தொடர்ந்து தட்டினால் சிறிது நேரம் தடுத்துவிடும். ஐந்து எண்ணை நிதானமாகப் பார்த்தால் போதும்.

ரோமுக்கு ஜென்எஸ்எம்பயாஸ் தரும் மதிப்பையும் போடலாம். ஆனால் இஎன்0 கார்டின் மேக் முகவரியையே போடுவது மேல். அது 6 பைட், உற்பத்தியாளர் கொடுத்தது, உலகில் வேறெந்தக் கார்டுக்கும் இருக்கக் கூடாதது. கான்ஃபிக் தொலைந்துபோனாலும் கார்டைப் பார்த்துத் திரும்ப எழுதலாம். முக்காற்புள்ளிகளை எடுத்துவிட்டு 12 எழுத்தாக எழுத வேண்டும்.

ரோமின் வகை டேட்டா, ஸ்ட்ரிங் இல்லை. ப்ராப்பர்ட்ரீ செயலியில் எழுதினால் கோண அடைப்புக்குள் பதினாறடிமானமாகக் காட்டும், தவறு நேராது. சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால் இதே மதிப்பு பேஸ்64 வடிவில் (பைட்களை எழுத்துகளாக எழுதும் ஒரு முறை) 8 எழுத்தாகத் தெரியும். அங்கே போய் மேக் முகவரியை நேராக ஒட்டினால் 12 எழுத்தும் பேஸ்64 என்று படிக்கப்பட்டு 9 பைட் குப்பையாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்துகொண்டே தவறாக இருக்கும் பிழை இது.

ஜெனெரிக்கின் மேலே ஆட்டோமேட்டிக், அப்டேட்டேட்டாஹப், அப்டேட்என்வீராம், அப்டேட்எஸ்எம்பயாஸ் நான்கும் இயங்கு நிலையில் இருக்க வேண்டும். மாதிரி கான்ஃபிக்கில் வரும் 112233000000 என்ற ரோம், பூஜ்யங்கள் நிறைந்த சீரியலும் யூயூஐடியும் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. ஓப்பன்கோரைப் புதுப்பிக்கும்போது புது மாதிரிக் கோப்பிலிருந்து கான்ஃபிக்கைக் கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்: மற்றதெல்லாம் நகலாகிவிடும், ரோம் மட்டும் மாதிரி மதிப்போடு நிற்கும்.

அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், ஓப்பன்கோர் வழியே அதை பூட் செய்யும்போது இந்த மேக் அடையாளங்கள் விண்டோஸுக்கும் போய்ச் சேரும். உரிமம் கேட்கத் தொடங்கும் மென்பொருள்கள் உண்டு. அப்டேட்எஸ்எம்பயாஸ்மோடை கஸ்டம் என்று மாற்றி, கெர்னல் குவிர்க்ஸில் கஸ்டம்எஸ்எம்பயாஸ்ஜியுஐடியை இயக்கினால் இது நிற்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

விண்டோஸ் இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். விண்டோஸ் உள்ளூர் நேரத்தைப் போர்டின் கடிகாரத்தில் எழுதும்; மேக்ஓஎஸ் அதையே யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இதனால் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிய கடிகாரத்தோடு மேக்ஓஎஸ் எழும். இணையம் கிடைத்ததும் திருத்திக்கொள்ளும். அதற்கு முன்பே உள்நுழைவு முயன்றால் பாதுகாப்பு இணைப்புகள் குழம்பலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் சாவியின் கீழ் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற டிவேர்டை 1 ஆக்கினால் தீர்ந்தது.

பழைய தடயங்களைத் துடைப்பது

ஏற்கெனவே தவறான எண்ணோடு முயன்றிருந்தால் அதன் மிச்சம் பயனர் கோப்புறையில் இருக்கும். ஐகிளவுட், மெசேஜஸ், ஃபேஸ்டைம், ஆப் ஸ்டோர் நான்கிலிருந்தும் வெளியேறுங்கள். நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள். பயனரின் லைப்ரரி, கேஷஸ் கோப்புறையில் ஐகிளவுட்ஹெல்ப்பர், மெசேஜஸ், ஐஎம்ஃபவுண்டேஷன் என்ற பெயர்கள் வருவனவற்றையும், பிரிஃபரன்சஸ் கோப்புறையில் ஐசாட், ஐமெசேஜ், ஐஎம்ஏஜென்ட், ஐஎம்சர்வீஸ், ஐடிஎஸ், மாட்ரிட் என்று பெயர் கொண்டவற்றையும் நீக்குங்கள். கீசெயின் ஆக்செஸில் ஐடிஎஸ் என்று தொடங்கும் பதிவுகளையும் அழிக்க வேண்டும். பழைய அடையாளத்துக்காக உருவான சாவிகள் அவை.

மெசேஜஸ் கோப்புறையையே அழிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. பழைய உரையாடல் எல்லாம் அதிலுள்ள சாட்.டிபி கோப்பில்தான் இருக்கிறது. புது நிறுவல் என்றால் அழியுங்கள். இல்லை என்றால் வேறு வட்டுக்கு நகர்த்தினால் போதும்.

ஆப்பிள் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனப் பட்டியலைத் திறந்தால், முயன்ற ஒவ்வொரு சீரியலும் தனித்தனிக் கணினியாக நிற்பதைக் காணலாம். அவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு ரீஸ்டார்ட், கம்பியை மாட்டுதல்.

உள்நுழைவு

முதலில் அபவுட் திஸ் மேக்கில் காட்டும் சீரியல் கான்ஃபிக்கில் இருப்பதுதானா என்று பாருங்கள். ஐமெசேஜ்டிபக் என்ற சிறு கருவி இருந்தால் ஓட்டி வெளியீட்டைச் சேமித்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மதிப்பும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் உள்நுழைய வேண்டாம். மாறியது ரோம் அல்லது எம்எல்பி என்றால் மேலே சொன்ன என்வீராம் பகுதிக்குத் திரும்புங்கள்.

விபிஎன்னை நிறுத்துங்கள். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் இருந்தால் அதையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஆப்பிளின் புஷ் சேவை டிசிபி 5223 வழியே போகும்; அது அடைபட்டால் 443க்கு வரும். அலுவலக, விடுதி நெட்வொர்க்குகளில் இரண்டாவதிலும் ப்ராக்ஸி உட்கார்ந்திருந்தால் எல்லா அடையாளமும் சரியாக இருந்தும் ஆக்டிவேஷன் நடக்காது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்றால் இது தெரிந்துவிடும். கேபிளில் கட்டாமல் வைஃபையில் வந்தாலும் பரவாயில்லை, இஎன்0 உள் கார்டாக இருந்தால் போதும்.

கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். நேற்று உருவாக்கி ஒன்றுமே இறக்காத கணக்கை விட, ஐபோனில் கொஞ்ச நாள் பழகிய கணக்கு தடையின்றிப் போகிறது. முதலில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஐகிளவுட், அடுத்து ஆப் ஸ்டோர், கடைசியாக மெசேஜஸ். ஒருமுறை மட்டும் முயலுங்கள். தோற்றால் என்ன செய்தி வந்தது என்று எழுதிவைத்து அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

செய்தியே நோயைச் சொல்லும். செய்தி எதுவும் இல்லாமல் பெட்டி மறுபடி வந்தால் ரோம், எம்எல்பி, பழைய கேஷ் இவற்றில் ஒன்று. ஆக்டிவேஷன் பிழை என்றால் முதலில் நெட்வொர்க், பிறகு இஎன்0. கன்சோல் செயலியில் ஐடென்டிட்டிசர்வீசஸ்டி, ஏபிஎஸ்டி என்ற இரண்டு பெயர்களில் வடிகட்டிப் பார்த்தால், புஷ் சேவைக்கான ஏபிஎஸ்டி இணைப்பே கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தட்டுகிறதா, இணைப்பு கிடைத்த பிறகு பதிவு மறுக்கப்படுகிறதா என்று பிரித்துவிடலாம். வாடிக்கையாளர் உதவியைக் கூப்பிடுங்கள் என்று குறியீட்டு எண்ணோடு வந்தால் கணக்கு சர்வர் பக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் கான்ஃபிக்கில் எதை மாற்றினாலும் பயனில்லை, மாற்றினால் கெடும்.

உள்ளே போனதும், இந்த ஐந்து மதிப்புகளையும் இஎன்0இன் மேக் முகவரியையும் ஒரு தாளில் எழுதி இஎஃப்ஐ பகுதியின் நகலோடு பத்திரப்படுத்துங்கள். இனி வட்டு மாறலாம், கிராஃபிக்ஸ் கார்டு மாறலாம், மேக்ஓஎஸ்ஸைப் புதிதாக நிறுவலாம், இந்த ஆறும் மாறக் கூடாது. மதர்போர்டு எரிந்து புதுசு வாங்கினால்கூட பழைய ரோம் மதிப்பையே வைத்துக்கொள்ளலாம். அது புதுக் கார்டின் முகவரியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐமேக்19,1 அடையாளத்துக்கு மேக்ஓஎஸ் சிகோயாதான் கடைசிப் பதிப்பு. இன்டெல் மேக்குகளுக்கான இறுதிப் பதிப்பான டஹோவுக்குப் போக வேண்டுமானால் ஐமேக்20,1 அல்லது மேக்ப்ரோ7,1 என்று மாடலை மாற்ற வேண்டியிருக்கும். பழைய சீரியலின் கடைசி 4 எழுத்து பழைய மாடலைச் சொல்வதால் அதைக் கொண்டுபோக முடியாது. நான்கு இடத்திலும் வெளியேறி, சாதனப் பட்டியலில் பழையதை நீக்கி, புதுத் தொகுப்பு எடுத்து, இதே வரிசையில் முதலிலிருந்து.